மேசை நமக்கும்தான்

(புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த சிலர், "உணவகத்தில் சாப்பிடுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, அதுவும் இத்தாலிய உணவகம்?" என்று கேட்டார்கள். நிறைய இருக்கிறது. இந்த ஊரில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது இன்று நேற்றுப் பிறந்த கேள்வி இல்லை. அந்தக் கேள்வியை நான் பிரெஞ்சு மேசையிலிருந்து தொடங்காமல் இத்தாலிய மேசையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் செய்த சாப்பாட்டுத் தட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஊருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றோரம் இருக்கிறது அரிக்கமேடு. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் ஒரு பழைய சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஊற்றி வைக்கும் சாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் என்றார்கள். மறு ஆண்டே, 1945-இல், அங்கே அகழ்ந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரரான காசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் தோண்டினார்கள். கிடைத்தவற்றில் மதுச்சாடிகள் உண்டு, ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள் உண்டு, மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்துச் செய்யும் காரும் என்ற சாறு வந்த சாடிகளும் உண்டு. இவற்றோடு, செக்கச்செவேலென்று மெருகு ஏறிய தட்டுகளும் கிண்ணங்களும் கிடைத்தன. டஸ்கனியில் இருக்கும் அரெஸ்ஸோ நகரத்தின் பெயரால் வழங்கும் பாண்டங்கள் அவை. அடியில் குயவரின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். இந்தத் தட்டுகளை வைத்துத்தான் வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணித்தார். ஊரின் வயதைச் சாப்பாட்டுத் தட்டு சொல்லியிருக்கிறது!

எண்ணெயும் மீன்சாறும் இங்கே தங்கியிருந்த அயல்நாட்டு வணிகர்கள் தாங்கள் சாப்பிட வரவழைத்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மது மட்டும் நம்மவர்க்கும் போயிருக்கிறது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் ஏந்திக் குடிக்கும் பாண்டியனைப் புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்துகிறார். ஆக, இத்தாலியின் மேசையும் தமிழனின் வாயும் முதன்முதலாகச் சந்தித்தது ஏதோ ஒரு ஷாப்பிங் மாலில் இல்லை.

பிறகு அங்கிருந்து மனிதர்களும் வந்தார்கள். 1606-இல் மதம் பரப்ப மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே வந்ததும் இறைச்சியை விட்டார், மதுவை விட்டார், ஒரு நாளைக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் என்று வாழ்ந்தார். இந்த மக்களோடு பேச வேண்டுமானால் முதலில் இவர்களைப்போல் சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மத நோக்கத்தைப் பற்றி நமக்குள் வேறு வேறு கருத்து இருக்கலாம். சாப்பாட்டு விஷயத்தில் அவர் காட்டிய மரியாதையை நான் மதிக்கிறேன்.

இன்னொருவர் வெனிஸ்காரர், நிக்கோலாவோ மனூச்சி. பதின்வயதில் கப்பலேறி, முகலாய இளவரசர் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் வேலை பார்த்து, வைத்தியராகி, கடைசிக் காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தவர். இந்த ஊரை எழுப்பிய பிரான்சுவா மர்த்தேனுக்கு நண்பர். சூரத்தில் முதல் தடவை வெற்றிலை போட்டுத் தலை சுற்றி விழுந்ததையும், பக்கத்தில் இருந்த ஆங்கிலப் பெண்மணி வாயில் உப்புப் போட்டுத் தெளியவைத்ததையும் தன் நூலில் எழுதியிருக்கிறார். அதற்காக அவர் வெற்றிலையைப் பழிக்கவில்லை. பழகாத ருசி முதல் முறை தலையைச் சுற்றவைக்கும், அவ்வளவுதான். ஆலிவ் காயை முதல் தடவை கடித்து முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனூச்சி நினைவுக்கு வருவார்.

இப்போது ஊருக்குள் வருகிறேன். பெரிய வாய்க்கால் இந்த ஊரை இரண்டாக வெட்டியது. கடல் பக்கம் வெள்ளையர், இந்தப் பக்கம் நாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் கவர்னர் வீட்டு விருந்துகளும் பீரங்கி மரியாதைகளும் வருகின்றன. அந்த விருந்துகளுக்கு அடுப்பு ஊதியவர்கள் யார்? மீன் கழுவியவர்கள், கோழி உரித்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள் யார்? விடிவதற்கு முன் வாய்க்காலைத் தாண்டிக் குசினி வேலைக்குப் போன தமிழர்கள். இன்றும் இங்கே பல கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்களிலும் ரகூ, வெந்தை என்ற கறிகளும் வியட்நாமிய நெம்மும் சர்வசாதாரணமாகச் சமைக்கிறார்கள் என்றால், அந்தக் குசினிகளும் சைகோனிலிருந்து திரும்பிய கப்பல்களும்தான் காரணம். சமைக்க நாம் போனோம். உட்கார்ந்து சாப்பிடப் போகவில்லை.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தோம். வாய்க்காலைத் தாண்ட இன்று யாருக்கும் தடை கிடையாது. ஆனாலும் ஒரு புதன்கிழமை மாலை சுய்ப்ரேன் வீதியிலோ துய்மா வீதியிலோ நடந்து பாருங்கள். காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவர், உள்ளே மெழுகுவர்த்தி எரியும் மேசைகள், வாசலில் சட்டத்தில் மாட்டிய விலைப்பட்டியல். சனி ஞாயிறு என்றால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். வார நாளில் பாதி மேசை காலி. முத்தியால்பேட்டையிலிருந்தும் லாசுப்பேட்டையிலிருந்தும் நடைப்பயிற்சிக்கு வந்த நம் ஆட்கள் அந்தப் பட்டியலை நின்று படித்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நகர்ந்து போவார்கள். உள்ளே சர்வராக நிற்கும் பையன் அவர்கள் தெருக்காரனாகவே இருப்பான்.

பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. கொஞ்சம் நல்ல இத்தாலிய உணவகத்தில் இருவர் வயிறாரச் சாப்பிட்டால் பில் ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரத்தைத் தொடும். ஆனால் அதே குடும்பம் ஒரு திருமணத்துக்கு அதைவிட அதிகமாக மொய் எழுதும், பிறந்தநாளுக்கு அதைவிடப் பெரிய கேக் வாங்கும். தடுப்பது பணத்தைவிடக் கூச்சம். என்ன கேட்பது, எதை முதலில் சாப்பிடுவது, முள்கரண்டியை எப்படிப் பிடிப்பது, தெரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்களோ. இந்தக் கூச்சத்தை நாம் விட வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்தேன். பேட்டை உணவகம் என்றால் பேட்டைக்காரர்கள் உட்கார வேண்டும். எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் சரி.

இத்தாலியில் அது அப்படித்தான் இருக்கிறது. அங்கே தெருவுக்கு ஒன்றாக இருக்கும் திரத்தோரியா என்ற சாப்பாட்டுக்கடைக்கு ஞாயிறு மதியம் பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லோரும் போய் மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். 2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் நம் தீபாவளியும் சேர்ந்தது. சேர்ந்து உட்கார்ந்து உண்பது, மிச்சத்தை வீணாக்காமல் மறுபடி சமைப்பது, பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்குச் சமையல் போவது ஆகியவற்றைத்தான் இத்தாலியர்கள் அங்கே தங்கள் பெருமையாக எடுத்துவைத்தார்கள். மெழுகுவர்த்தியும் வெள்ளைத் துணியும் அந்தப் பெருமையில் இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. வைசியாள் வீதி, அதாவது கல்வே சுப்பராய செட்டி வீதி. தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணும் வரிசையாக இருக்கும் தமிழர் பகுதித் தெரு. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், நகராட்சியும் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து அந்தத் தெருவின் முகப்புகளை மீட்டெடுத்தன. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் நமக்குக் கூட்டாளியாக நின்ற நகரங்கள் இரண்டு. பிரான்சின் வில்நெவ் சுர் லோத் ஒன்று. இத்தாலியின் உர்பீனோ, ஓவியர் ரஃபாயேல் பிறந்த ஊர், இன்னொன்று. நம் திண்ணைகள் பிழைத்ததில் ஓர் இத்தாலிய ஊருக்குப் பங்கு இருக்கிறது என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே வைசியாள் வீதியில் லா பாஸ்தா என்று ஒரு சின்னக் கடை இருந்தது. கட்டம்போட்ட துணி விரித்த நாலைந்து மேசை. திறந்த சமையலறை, சாப்பிடும் இடத்தின் அளவுக்கே இருக்கும். சமைப்பவர் இத்தாலியப் பெண்மணி. பாஸ்தாவும் சாறும் அங்கேயே அவர் கையால். மது கிடையாது. வெளிநாட்டுப் பயணக் கையேடுகள் தேடிவந்து புகழ்ந்த இடம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழ்த் தெருவில், திண்ணைகளுக்கு நடுவே அப்படி ஒன்று நடக்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம். குயிலாப்பாளையத்தில் ஆரோவில் போகும் சாலையில் விறகடுப்பில் பிட்ஸா சுடும் டான்டோவும் அந்த வகைதான். மோட்டார் சைக்கிளில் வரும் கிராமத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

சரி, உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. என்ன கேட்பது?

இத்தாலியச் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வருவது. முதலில் கொறிக்க ஏதாவது, பிறகு பாஸ்தா அல்லது ரிசோத்தோ, பிறகு மீனோ கறியோ, பக்கத்தில் ஒரு காய், கடைசியில் இனிப்பு. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நாலு பேர் போனால் ஒரு முன்னுணவு, இரண்டு பாஸ்தா, ஒரு மீன் என்று நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். அங்கே ஆளுக்கொரு தட்டு என்பது வழக்கம். நமக்குப் பகிர்வது வழக்கம். நம் வழக்கத்துக்கு மேசைமேல் இடம் உண்டு. கூடுதல் தட்டு கேட்டால் முகம் சுளிக்கும் உணவகத்துக்கு இரண்டாவது முறை போகாதீர்கள்.

பாஸ்தா வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வெந்த பதம். இத்தாலியின் தெற்கில் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்து காயவைத்த பாஸ்தா. வடக்கில் மென்மையான மாவோடு முட்டை சேர்த்து அன்றன்று செய்வது. முட்டை சாப்பிடாதவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த வகையை உப்புத் தண்ணீரில், நடுவில் லேசாகக் கடிபடும் பதத்தில் எடுப்பார்கள். "வேகவில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் பக்குவம். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துச் சாற்றில் விட்டு, வாணலியில் பாஸ்தாவையும் சாற்றையும் சேர்த்துச் சுண்டவைப்பார்கள். தண்ணீரில் இறங்கிய மாவுச்சத்துதான் சாற்றைப் பாஸ்தாமேல் ஒட்டவைக்கிறது. தட்டின் அடியில் சாறு குளம் கட்டி நின்றால், இரண்டையும் தனித்தனியாகச் செய்து மேலே ஊற்றிவிட்டார்கள் என்று பொருள்.

நம் ஊர்களில் மைதாவையும் பாலையும் காய்ச்சி, டப்பா சீஸைக் கரைத்து, அதில் பாஸ்தாவை மிதக்கவிட்டு வெள்ளைச் சாஸ் என்றும், தக்காளி கலந்து பிங்க் சாஸ் என்றும் விற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நூற்றைம்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுப் போகட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஐந்நூறு ரூபாய் வாங்கும் மேசையில் அதையே வைத்தால் அது ஏமாற்று. சமைப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அந்தத் தட்டில் தெரிந்துவிடும்.

காரம் இல்லையே என்று தயங்கும் பெரியவர்களுக்கு நான் ஒரு பாஸ்தாவைச் சொல்வேன். ரோமாபுரியின் காச்சோ எ பெப்பே. செம்மறியாட்டுப்பால் சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர், கை நிறைய மிளகு. வேறு எதுவும் இல்லை. சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன மிளகுக்காக ரோமில் தனிக் கிடங்கே கட்டியிருந்தார்கள். பொன்னெல்லாம் இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். மிளகு ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்தத் தட்டில் எதுவும் அந்நியமாக இருக்காது.

ரிசோத்தோ கேட்டால் இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். கர்னரோலி அல்லது அர்போரியோ அரிசியை வெண்ணெயில் வதக்கி, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல வெண்பொங்கலைப்போல, தட்டில் வைத்தால் தானாக மெல்லப் பரவ வேண்டும், ஆனால் ஒவ்வோர் அரிசியும் தனியாக நாக்கில் படவேண்டும். ஏழு நிமிடத்தில் ரிசோத்தோ வந்தால் காலையிலேயே முக்கால் பதம் வேகவைத்து வைத்தது. அரிசி விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது கஷ்டம். அந்த அறிவை வெளியே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போக வேண்டாம்.

பெஸ்டோவுக்கு வருகிறேன். ஜெனோவா நகரத்துச் சாறு. அதில் அரைபடும் இலை வேறொன்றும் இல்லை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். அதன் விதையைத்தான் சப்ஜா என்று வெயில் காலத்தில் ஊறவைத்துக் குடிக்கிறோம். அங்கே பைன் கொட்டை சேர்ப்பார்கள். அது இங்கே யானை விலை, பெரும்பாலும் பழையதாகி எண்ணெய் நாற்றத்தோடு வரும். அதற்குப் பதில் முந்திரி போட்டால் குற்றமில்லை. பண்ருட்டி நமக்கு எவ்வளவு தூரம்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அந்த முந்திரிக்காடுகளை வேரோடு சாய்த்தது. நட்டு வளர்த்து மீண்டும் காய்ப்புக்குக் கொண்டுவர அந்த விவசாயிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். புதுச்சேரியில் அரைக்கும் பெஸ்டோவில் பண்ருட்டி முந்திரி இருந்தால் எனக்கு மனம் நிறையும். இத்தாலியர்களும் தங்கள் ஊரில் காய்த்ததைத்தான் போட்டார்கள்.

சீஸும் அப்படியே. மொஸ்ஸரெல்லாவின் தாயகம் நேப்பிள்ஸைச் சுற்றிய காம்பானியா. அங்கே உயர்ந்தது எருமைப்பாலில் செய்தது. எருமைக்கு நமக்கென்ன பஞ்சம்? பாலை உறையவைத்து, தயிர்க்கட்டி புளிப்பேறிய நேரம் பார்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கையால் இழுத்து இழுத்து மடிப்பார்கள். அந்த இழுவையால்தான் நார்நாராகப் பிரியும். ஆரோவில்லில் லா ஃபெர்ம் பல ஆண்டுகளாகச் சீஸ் செய்கிறது. பெங்களூரில் வல்லோம்ப்ரோசா சபையைச் சேர்ந்த பெனடிக்டுத் துறவிகள் மொஸ்ஸரெல்லாவும் புர்ராத்தாவும் செய்கிறார்கள். கடல் தாண்டி உறைந்து வருவதைவிட, இரண்டு நாளுக்கு முன் இங்கே செய்தது எவ்வளவோ மேல்.

சைவ நண்பர்களுக்கு ஒன்று. பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைநொதியில்தான் பாலை உறையவைக்க வேண்டும் என்பது அங்கே விதி. பச்சைப் புள்ளியைப் பார்த்து நம்பிக் கேட்கும் ஒரு பாஸ்தாவின் மேல் அதைத் துருவிப் போட்டுவிட்டால் சைவம் போயிற்று. திராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டை இருக்கும், சில இடங்களில் மதுவும் இருக்கும். இதையெல்லாம் கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

மீனுக்குத்தான் நான் இந்த உணவகங்களோடு சண்டை போடுவேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகம் மேசையிலிருந்து கூப்பிடு தூரம். வஞ்சிரம், சங்கரா, கணவாய், இறால், நண்டு என்று விடியலில் ஏலம் போகிறது. அப்படியிருக்க, குளிர்பெட்டியில் வந்த சால்மனையும் பாசாவையும் பட்டியலில் முதலில் போடுவது ஏன்? இத்தாலியில் கடலோர ஊரில் மேசைக்கு வந்து, "இன்று இது கிடைத்தது" என்று தட்டில் மீனைக் காட்டுவார்கள். கிடைக்காத நாளில் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் அதே மீன் பட்டியலை நீட்டும் உணவகத்தைக் கேளுங்கள், "இது எந்தக் கடல் மீன்?" என்று. அந்த மாதங்களில் கட்டுமரத்திலும் சின்னப் படகிலும் வருவது கொஞ்சம் கிடைக்கும். நெத்திலி, காணாங்கெளுத்தி, மத்தி. மத்தியை வைத்து சிசிலிக்காரர்கள் சமைக்கும் பாஸ்தா உலகப் புகழ் பெற்றது. பெரிய மார்க்கெட்டில் மத்தியை மலிவு மீன் என்று ஒதுக்குகிறோம். நல்ல சமையல்காரர் கையில் கிடைத்தால் அது மேசையின் ராஜா.

பிட்ஸா சுடுகிறவர்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும். நேப்பிள்ஸில் அந்தத் தொழிலை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 480 டிகிரிக்கு மேல் காயும் அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்து வெப்பத்திலும் புழுக்கத்திலும் மாவு ஒரு பொழுதில் பொங்கி வழிந்துவிடும். ஈஸ்டைக் குறைத்து, குளிரில் வைத்து, நேரம் பார்த்து எடுக்க வேண்டும். விறகின் அனலுக்கு முன் ஏழு மணி நேரம் நிற்பவர் பெரும்பாலும் விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை. இத்தாலி போகாமலே அந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டவர். மாவின் ஓரம் புள்ளி புள்ளியாகக் கருகி, நடுவே மெத்தென்று வந்தால், எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தெருமுனை பரோட்டா மாஸ்டரிடம் சொல்வோம் இல்லையா.

பில்லைப் பற்றி ஒரு நிமிடம். தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அந்தப் பணத்தைப் பரிமாறிய பிள்ளையின் கையில் நேராகக் கொடுங்கள்.

உணவகம் நடத்துகிறவர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வெளியூர்க்காரர் சனி ஞாயிறு வருவார், மழைக்காலத்தில் வரமாட்டார், புயல் எச்சரிக்கை வந்தால் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் மேசையை நிரப்பக்கூடியவர் நாலு தெரு தள்ளி இருப்பவர்தான். அவருக்காக வார நாளில் ஒரு சின்னச் சாப்பாடு போடுங்கள்: ஒரு பாஸ்தா, ஒரு காய், ஒரு இனிப்பு, கட்டுப்படியாகும் ஒரே விலையில். உங்கள் சமையலறையில் வேலை பார்ப்பவர்கள் ஆண்டில் ஒரு நாளாவது தங்கள் குடும்பத்தோடு உங்கள் மேசையில் உட்கார்ந்து, தாங்கள் சமைக்கும் உணவைச் சாப்பிட வழி செய்யுங்கள். வாய்க்காலைத் தாண்டி வந்து சமைத்துவிட்டுப் பின்வாசலால் திரும்பிப் போன தலைமுறைகளின் பிள்ளைகள் அவர்கள்.

இன்னொன்று. இந்த ஊரில் தெருப் பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. நான் பார்த்த அளவில், உங்கள் பட்டியல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன, தமிழில் இல்லை. படித்துப் புரியாத பட்டியலை நீட்டிவிட்டு, உள்ளூர்க்காரர் வருவதில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி? பெயரை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பெஸ்டோ பெஸ்டோவாகவே இருக்கட்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று அடியில் இரண்டு வரி போடுங்கள். நான் எழுதிப் பார்த்தேன், வாசிக்கிறேன்:

"பெஸ்டோ பாஸ்தா. திருநீற்றுப்பச்சிலை, பண்ருட்டி முந்திரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சைவ சீஸ். பாஸ்தாவில் முட்டை இல்லை. காரம் இல்லை, கேட்டால் மிளகு தூவித் தருவோம்."

"இன்றைய மீன்: சங்கரா, முழுதாக. தேங்காய்த்திட்டு. தக்காளி, ஆலிவ், பூண்டோடு அடுப்பில் சுட்டது. முள் உண்டு. இருவர் பகிரலாம். 25 நிமிடம் ஆகும்."

உங்கள் பட்டியல் முழுவதும் இப்படி எழுத ஒரு மாலை போதும். எழுதித்தர இந்த வாசகர் வட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், இன்றைக்கே தொடங்கலாம்.